வரவு என்றால் வந்ததா, போனதா? தொடக்கநிலைக் கலைச்சொற்கள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

கடலூர் மாவட்டத்தில் தமிழ்வழியில் ப்ளஸ் டூ வணிகவியல் குரூப் படிக்கும் ஒரு பெண் ஒரே பாடத்தை மூன்று தடவை கற்கிறாள். முதலில் பள்ளியில், பேரேடு, பற்று, வரவு, கடனீந்தோர் என்று. அப்புறம் கல்லூரியில், அதே சங்கதியை லெட்ஜர், டெபிட், கிரெடிட், கிரெடிட்டார்ஸ் என்று. மூன்றாவதாக மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் மேல வீதியிலோ மாடிப்படி ஏறிப்போய் உட்காருகிற ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், டேலி திரைக்கு முன்னால், எஃப்5 அழுத்தினா பேமென்ட், எஃப்6 அழுத்தினா ரெசிப்ட் என்று. இந்த மூன்றும் ஒரே சரக்குதான் என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை. அவளாகவே ஒருநாள் கண்டுபிடித்துக்கொள்கிறாள். கண்டுபிடிக்காதவர்கள், "எனக்கு அக்கவுண்ட்ஸ் வராதுங்க" என்று சொல்லி விலகிப்போகிறார்கள். கணக்கு வராதவர்கள் அல்ல அவர்கள். சொல் மாறியதில் தடுக்கி விழுந்தவர்கள்.

இந்தத் தடுக்கலில் எவ்வளவு தவிர்க்கக்கூடியது, எவ்வளவு தவிர்க்க முடியாதது என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை. 2018, 2019 ஆண்டுகளில் வந்த புதிய பாடத்திட்டத்தின் கணக்குப்பதிவியல், கணினிப் பயன்பாடுகள் நூல்களை ஒரு பக்கம் வைத்துக்கொண்டேன். இன்னொரு பக்கம் சென்டர்களில் ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுக்கிற பேசிக் நோட்ஸ் (எந்த சென்டர் என்பது முக்கியமில்லை, எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்ததுபோலத்தான் இருக்கின்றன). மூன்றாவதாக, கடைத்தெருவில் புழங்குகிற பேச்சு. இந்த மூன்றாவதைப் பெரும்பாலான கலைச்சொல் விவாதங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. எனக்கு அதில்தான் அதிக நம்பிக்கை.

நல்லதிலிருந்தே தொடங்கலாம். கணக்குப்பதிவியல் நூலில் 'கேப்பிட்டல்' என்பதற்கு 'முதல்' என்று வைத்திருக்கிறார்கள். இதைவிடச் சிறந்த சொல் கிடைக்காது. கடைக்காரர் "முதல் போட்டு ஆரம்பிச்சேன்" என்கிறார். முதல் போட்டவர் முதலாளி. முதலை இடுவது முதலீடு. விற்பதற்காகச் சரக்கு வாங்குவது கொள்முதல். நாலு சொல்லும் ஒரே வேரில் நிற்கின்றன. ஆங்கிலத்தில் கேப்பிட்டல், புரொப்ரைட்டர், இன்வெஸ்ட்மென்ட், பர்ச்சேஸ் என்று நாலு சொல்லும் நாலு திசையில் கிடக்கின்றன, ஒன்று தெரிந்தால் இன்னொன்று தெரியாது. தமிழ்வழி மாணவிக்கு இங்கே ஒரு சலுகை இருக்கிறது. ஆனால் பக்கத்து மேசையில் இருக்கும் பொருளியல் புத்தகம் அதையே 'மூலதனம்' என்கிறது. ஒரே பையில் இருக்கிற இரண்டு புத்தகங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவில்லை.

தேய்மானம், வாராக்கடன் இரண்டும் இதே தரத்துச் சொற்கள். விளக்கமே தேவையில்லை. தேய்கிறது, வராது. அவ்வளவுதான்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். இரட்டைப் பதிவு முறையின் அடிப்படை விதியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். உள்ளே வருகிற பொருளைப் பற்று செய்ய வேண்டும், வெளியே போவதை வரவு செய்ய வேண்டும். சத்தமாகச் சொன்னால் அபத்தமாக இருக்கிறது, இல்லையா? வந்ததை வரவு என்று எழுதாதே, போனதை வரவு என்று எழுது! ஆங்கிலவழி மாணவனுக்கு இந்தத் தலைசுற்றல் இல்லை. டெபிட், கிரெடிட் இரண்டும் அவனுக்கு அர்த்தமில்லாத இரண்டு ஒலிகள். இடது பக்கத்துக்கு ஒரு பேர், வலது பக்கத்துக்கு ஒரு பேர் என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் வெளிப்படையாகத் தெரிகிறது. கலைச்சொல் தமிழில் இருந்தால் தானாகப் புரியும் என்று மேடையில் சொல்கிறோமே, அதன் மறுபக்கம் இது. புரிகிற சொல், தப்பாகவும் புரியும்.

அப்படியானால் பற்று, வரவு என்ற சொற்களே தப்பா? இல்லை என்பது என் கட்சி. அவை எங்கிருந்து வந்தன என்பதைப் பாடநூல் மறைத்துவிட்டதுதான் தப்பு. மளிகைக் கடைப் பற்று வரவு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம். அவர் அரிசி வாங்கிக்கொண்டு போனால் அவர் பேரில் பற்று. மாதம் பிறந்து பணம் கொண்டுவந்து கொடுத்தால் அவர் பேரில் வரவு. அந்த ஆள் எடுத்துக்கொண்டது பற்று, அந்த ஆளிடமிருந்து வந்தது வரவு. இதில் ஒரு குழப்பமும் இல்லை. ஆறாவது படித்த கடைப்பையன்கூட இதைத் தப்பாக எழுதமாட்டான்.

இந்த ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இரட்டைப் பதிவு முழுவதையும் சொல்லிவிடலாம். கல்லாப்பெட்டியையும் ஓர் ஆளாக நினைத்து, அதற்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பணம் வந்தது என்றால், வாங்கிக்கொண்டது யார்? கல்லா. வாங்கியவர் பேரில் பற்று என்பதுதானே நம் வழக்கம்? ஆகவே ரொக்கக் கணக்கில் பற்று. கல்லா பணத்தை எடுத்து வெளியே கொடுத்தது என்றால், கல்லாவிடமிருந்து வந்தது. ரொக்கக் கணக்கில் வரவு. அறைகலனுக்கு ஒரு பக்கம், வாடகைக்கு ஒரு பக்கம், முதல் போட்ட முதலாளிக்கே ஒரு பக்கம். எல்லோரும் நோட்டில் பெயர் உள்ள வாடிக்கையாளர்கள். பெறுபவர், தருபவர் என்று ஆட்களுக்கான விதியைப் பாடநூலும் சொல்கிறதுதான். ஆனால் அதை மூன்றில் ஒரு விதியாக, ஆள்சார் கணக்குக்கு மட்டும் உரியதாக வைத்துவிட்டு, சொத்துக்கு வேறு விதி, செலவு வருமானத்துக்கு வேறு விதி என்று பிரித்து மனப்பாடம் செய்யச் சொல்கிறது. ஆங்கில நூல்கள் பிரித்ததால் நாமும் பிரித்தோம். தமிழில் பிரிக்கத் தேவையே இல்லை, சொல்லே வழி காட்டுகிறது. அந்த வழியில் நடக்காமல் விட்டதைத்தான் நான் குறையாகச் சொல்கிறேன்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதே முடிச்சை வேறுவிதமாக அவிழ்த்திருக்கின்றன. அங்கே டெபிட்டுக்கு வரவு, கிரெடிட்டுக்குச் செலவு. ஆமாம், சிதம்பரத்தில் கிரெடிட் ஆக இருக்கிற 'வரவு' யாழ்ப்பாணத்தில் டெபிட்! காசு வந்தால் காசுக் கணக்கில் வரவு, போனால் செலவு. கல்லாவுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் முதலாளி முதல் போட்டால் முதல் கணக்கில் 'செலவு' என்று எழுத வேண்டிவரும், அங்கே அது உதைக்கும். நம் முறை ஆட்களின் பக்கத்திலிருந்து பார்க்கிறது, அவர்கள் முறை கல்லாவின் பக்கத்திலிருந்து பார்க்கிறது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. எது சரி என்று பட்டிமன்றம் வைப்பதைவிட, இப்படி ஒரு வேறுபாடு இருக்கிறது என்பதை இரு பக்கத்துப் புத்தகங்களும் ஒரு வரியில் சொன்னால் போதும். யூடியூபில் ஒரு இலங்கை ஆசிரியரின் பாடத்தைக் கேட்டுவிட்டு இங்கே பரீட்சை எழுதுகிற பிள்ளையின் கதியை யோசித்துப் பாருங்கள். வீடியோவில் என்னவோ நன்றாகத்தான் நடத்தியிருப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் தமிழ் ஆங்கிலத்தைவிடத் தெளிவு. 'கிரெடிட்' என்ற ஒரே சொல் ஆங்கிலத்தில் கணக்கின் வலது பக்கத்துக்கும் வரும், கடன் கொடுப்பதற்கும் வரும். தமிழில் ஒன்று வரவு, இன்னொன்று கடன். கடன் விற்பனை, கடன் அட்டை என்கிறபோது யாரும் வரவோடு குழப்பிக்கொள்வதில்லை. ஆங்கிலவழியில் படிக்கிறவன் 'கிரெடிட் சேல்ஸ்' என்றதும் விற்பனைக் கணக்கில் கிரெடிட் என்று சொல்லவந்ததாக நினைத்து மயங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

கடன் என்றதும் 'கடனீந்தோர்' நினைவுக்கு வருகிறது. கிரெடிட்டார்ஸ் என்பதற்குப் பாடநூல் தருகிற சொல் இது. யார் உண்டாக்கினார்களோ, நல்ல தமிழறிவு உள்ளவராகத்தான் இருக்க வேண்டும், ஆனால் கடை வைத்திருந்தவராக இருக்க முடியாது. ஈதல் என்றால் திரும்ப எதிர்பார்க்காமல் கொடுப்பது. ஈ, தா, கொடு என்ற மூன்றில் ஈ என்பது தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் இரந்து கேட்கும் சொல் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. மொத்த வியாபாரி லாரியில் சரக்கு இறக்கிவிட்டு முப்பது நாள் தவணை கொடுப்பதில் ஈகை எங்கே இருக்கிறது? முப்பத்தொன்றாம் நாள் போன் வரும். அதேபோல 'கடனாளி' என்றால் ஊர்ப்பேச்சில் கடனில் மூழ்கிப்போனவர். நம்மிடம் இருநூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிட்டு அடுத்த வாரம் தருகிறேன் என்கிற ஆசிரியரைக் கடனாளிப் பட்டியலில் எழுதினால் அவர் சண்டைக்கு வருவார். கடைக்காரர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்? "வரவேண்டியது", "கொடுக்கவேண்டியது". வரவேண்டியவர், தரவேண்டியவர் என்று வைத்திருந்தால் எவர் எந்தப் பக்கம் என்ற கேள்வியே எழாது.

ஆங்கிலத்திலும் இதே மாற்றம் நடந்திருக்கிறது என்பதுதான் சுவாரஸ்யம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சன்ட்ரி டெப்டார்ஸ் என்ற பழைய பேர் கிடையாது. 'டிரேட் ரிசீவபிள்ஸ்', அதாவது வியாபாரத்தில் வரவேண்டியது. டேலியில் இன்னும் பழைய பேர் நிற்கிறது. சென்டர் நோட்ஸில் 'சன்ட்ரி' என்றால் என்ன என்று எங்கேயும் இல்லை. சில்லறை, பலதரப்பட்ட என்று ஒரு வார்த்தை எழுதினால் என்ன?

வட்டாரத்துக்கு வருவோம். சிதம்பரத்தில் இந்த விவாதத்துக்கு ஒரு தனி ருசி உண்டு. 1929இல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நாட்டுக்கோட்டை நகரத்தார் குடும்பத்தைச் சேர்ந்த அண்ணாமலை செட்டியாரின் பணத்தில் எழுந்தது. அந்தப் பணம் வந்த தொழில், கணக்கெழுதுவதைத் தமிழிலேயே செய்த தொழில். பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த வட்டிக்கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வேலைப் படிநிலை இருந்தது. நடப்பு வட்டி, தவணை வட்டி என்று வட்டிக்கு வகைகள் இருந்தன. கணக்கை முடித்துச் செட்டிநாட்டுக்கு அனுப்புகிற பத்திரத்துக்கு ஐந்தொகை என்று பேர். கடல் கடந்து நடந்த வங்கித்தொழில் முழுவதும் இந்தச் சொற்களில் ஓடியிருக்கிறது. இன்று அதே பணத்தில் எழுந்த வளாகத்தில் பி.காம் படிக்கிற பிள்ளையிடம் ஐந்தொகை என்றால் என்ன என்று கேட்டால், பாட்டுப் பெயரா என்று கேட்கும். பள்ளிப் பாடநூல் அதை 'இருப்புநிலைக் குறிப்பு' என்று மாற்றிவிட்டது. இலங்கையில் ஐந்தொகை நெடுநாள் பாடநூலில் புழங்கியது. இங்கே பிறந்து வளர்ந்த சொல்லை நாம் கைவிட்டு, ஆங்கிலத்தில் உள்ள பேலன்ஸ், ஷீட் என்ற இரண்டையும் தனித்தனியாக மொழிபெயர்த்துக்கொண்டோம்.

ஐந்தொகையை மீட்டெடுக்க வேண்டும் என்று நான் கொடி பிடிக்கவில்லை. இருப்புநிலைக் குறிப்பு ஒன்றும் மோசமான சொல் இல்லை, ஒரு நாளில் நம்மிடம் என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஆனால் ஒரு பெட்டிச்செய்தியாகவாவது பழைய சொல்லைப் போட்டிருந்தால், கணக்கியல் என்பது இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய வித்தை என்ற நினைப்பு மாணவர்களிடம் கொஞ்சம் குறையும்.

கப்பல் என்றதும் கடலூர். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி 1690இல் மராட்டியரிடம் வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பேர் வைத்தது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரை உள்ள கிராமங்களும் பேரத்தில் சேர்த்தி. குண்டு சாலை என்ற பேர் இன்றும் இருக்கிறது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, சோழமண்டலக் கரை வியாபாரம் முழுவதற்கும் சில ஆண்டுகள் இதுவே தலைமையிடம். துணி வாங்கவும் கூலி கொடுக்கவும் பணம் மாற்றவும் கம்பெனிக்குத் தமிழ்ச் சொற்கள் வேண்டியிருந்தன. நம் பக்கத்து வியாபாரிகளுக்குப் போர்ச்சுகீசியச் சொற்கள் ஏற்கெனவே பழகியிருந்தன. மீன் இறங்குதளத்தில் விடிகாலையில் கேட்கிற 'ஏலம்' போர்ச்சுகீசியச் சொல்தான். கூலி இங்கிருந்து அங்கே போனது. கிடங்கு மலாய்க்குப் போய், அங்கிருந்து சுற்றி 'கோடவுன்' ஆகத் திரும்பி வந்தது என்று சொல்வரலாற்று அறிஞர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். நாம் 'குடோன்' என்று பலகை எழுதுகிறோம்! (இதோடு சேர்த்து, ஆங்கிலத்தின் கேஷ் நம் காசிலிருந்து வந்தது என்று வாட்ஸப்பில் சுற்றுகிறது. பாதிதான் உண்மை. கம்பெனிக் கணக்கில் 80 கொண்டது ஒரு பணம் என்று வருகிற அந்தச் சின்ன நாணயம் 'கேஷ்' நம் காசுதான். ரொக்கம் என்ற பொருளில் வருகிற கேஷ், பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் வழியாக வந்தது. அதுவும் ஒரு கல்லாப்பெட்டி என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.)

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், வியாபாரச் சொற்களில் தூய்மை என்பது என்றைக்கும் இருந்ததில்லை. அசல், நகல், பாக்கி, வசூல், ரசீது, ஜாமீன் எல்லாம் அரபு, பாரசீக வழி. இவற்றில் ஒன்றுகூடப் படிக்காதவருக்குப் புரியாத சொல் இல்லை. பாடநூலோ ரசீதை நகர்த்திவிட்டுப் 'பெறுதல்கள்' என்கிறது, ரொக்கத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. ரொக்கமும் வடக்கிலிருந்து வந்ததுதானே? எந்த விதியின்படி இது உள்ளே, அது வெளியே என்று தெரியவில்லை. விதி இல்லை என்பதுதான் பதிலாக இருக்கும்.

கணினிப் பக்கம் போவோம். இங்கே எனக்குப் பாராட்டும் உண்டு, எரிச்சலும் உண்டு.

பாராட்டு, கோப்புக்கு. கோத்து வைப்பது கோப்பு. தாலுகா ஆபீசில் காகிதங்களைத் துளையிட்டு நாடாவில் கோத்து வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் உடனே கையில் வரும். தரவு இன்னும் நல்ல சொல். டேட்டா என்பதன் லத்தீன் மூலத்துக்குக் 'கொடுக்கப்பட்டது' என்று பொருள். தரப்பட்டது தரவு. மொழிபெயர்ப்பாகவும் சரி, தமிழாகவும் சரி. கலிப்பாவில் தரவு என்று ஓர் உறுப்பு இருப்பது யாப்பு படித்தவர்களுக்கு நினைவுக்கு வரும், அதனால் ஒரு கெடுதியும் இல்லை. வன்பொருளை எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள். ஆனால் லாரன்ஸ் ரோட்டில் ஹார்டுவேர் கடை என்றால் ஆணி, தாழ்ப்பாள், பெயிண்ட். கம்ப்யூட்டர் ஹார்டுவேர் கோர்ஸ் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்ன பேரனிடம், கடை எப்ப வைக்கப்போற என்று ஒரு தாத்தா கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. வன்பொருள் என்ற சொல் அந்தக் குழப்பத்தை நறுக்கென்று வெட்டிவிடுகிறது.

எரிச்சல், சுட்டிக்கும் செயலிக்கும். பாடநூலில் சுட்டி என்றால் மவுஸ். இணையத்தில் எழுதுகிற நாங்கள் எல்லாம் இருபது வருஷமாகச் சுட்டி என்பதை லிங்க் என்ற பொருளில் எழுதிக்கொண்டிருக்கிறோம். "சுட்டியைச் சொடுக்கவும்" என்றால் எதை? செயலி இதைவிட மோசம். நுண்செயலி, மையச் செயலி என்று கணினியின் மூளையைக் குறிக்க வைத்த சொல். செய்தித்தாள்கள் அதையே மொபைல் ஆப்புக்கு எடுத்துக்கொண்டன. "இந்தச் செயலி வேகமாக இயங்கப் புதிய செயலி தேவை" என்று ஒரு வாக்கியம் எழுத முடியும், அதில் இலக்கணப்பிழை எதுவும் இல்லை. ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. 'கணக்கு' என்பதைப் பாருங்கள். பள்ளியில் கணிதம், வங்கியில் ஒன்று, பேரேட்டில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, "அவன் ஏதோ கணக்கு போடுறான்" என்பதில் இன்னொன்று. யாரும் குழம்புவதில்லை, ஏனென்றால் இடம் வேறு வேறு. சுட்டியும் செயலியும் ஒரே திரையில், ஒரே வாக்கியத்தில் மோதிக்கொள்கின்றன. தொடக்கநிலைக்காரருக்கு அங்கே இடத்தைக் கொண்டு ஊகிக்க வழியில்லை.

கலைச்சொல் அகராதிகளுக்குப் பஞ்சமில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் இருக்கிறது, அரசின் சொற்குவையில் இருக்கிறது. ஆனால் அகராதி ஒரு சொல்லுக்கு நேராக இன்னொரு சொல்லை வைக்கும். ஒரு பாடத்துக்குள் இரண்டு சொற்கள் மோதுமா என்று பார்ப்பது அகராதியின் வேலை இல்லை. அது பாடநூல் ஆசிரியரின் வேலை.

கைபேசியில் கூகுளின் தமிழ் இடைமுகத்தைத் திறந்தால் சேமி, பகிர், ரத்துசெய் என்றிருக்கிறது. ரத்து அரபுச் சொல். பேருந்து ரத்து, ரயில் ரத்து என்று பேப்பரில் படித்துப் பழகிய எவருக்கும் அந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. யாரோ ஒருவர் கடைத்தெருக் காதோடு உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறார்.

சென்டர் நோட்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். அவற்றின் பாவம் வேறு வகை. அங்கே எல்லாச் சொல்லும் ஆங்கிலம், விளக்கமும் ஆங்கிலம், வகுப்பில் பேசுவது மட்டும் தமிழ். ராம் என்றால் ரேண்டம் ஆக்சஸ் மெமரி என்று விரித்து எழுதிவிட்டால் விளக்கம் முடிந்தது என்று நினைப்பு. எழுத்துச்சுருக்கத்தை விரிப்பது விளக்கம் இல்லை. போன் கடையில் "மெமரி ஃபுல்" என்கிறார்கள், அது ராம் இல்லை, சேமிப்பகம். இரண்டையும் நம் ஊர்ச் சொல்லில் பிரித்துக் காட்ட ஒரு நிமிஷம் போதும். கடையில் மேசை இருக்கிறது, பின்னால் கிடங்கு இருக்கிறது. இப்போது கட்டிக்கொடுக்கிற சாமான் மட்டும் மேசைக்கு வரும். மேசை பெரிதாக இருந்தால் வேலை வேகமாக நடக்கும், கிடங்கு பெரிதாக இருந்தால் நிறைய அடுக்கலாம். ராத்திரி கடை சாத்தும்போது மேசை காலியாகிவிடும், கிடங்கில் இருப்பது அப்படியே இருக்கும். இதைச் சொல்லாமல் ஒரு பக்கம் முழுக்கச் சுருக்கெழுத்துப் பட்டியல் போட்டு, அதைத் தேர்விலும் கேட்கிறார்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் பேஜ்மேக்கர் இருப்பதைப் பலரும் கேலி செய்தாயிற்று. 2019இல் வந்த நூலில், 2001இல் கடைசிப் பதிப்பு வந்து நின்றுபோன மென்பொருள். நானும் சிரித்தவன்தான். ஆனால் இந்தப் பக்கத்து அச்சகங்களுக்குப் போய்ப் பாருங்கள், கல்யாணப் பத்திரிகையும் கோவில் திருவிழா நோட்டீசும் இன்னும் பேஜ்மேக்கரில்தான் பல இடங்களில் ஓடுகின்றன. அவர்கள் வைத்திருக்கிற பழைய தமிழ் எழுத்துருக்கள் யூனிகோட் அல்லாதவை, பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது, இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. ஆகவே உள்ளூரில் வேலை கிடைக்க அந்தப் பாடம் உதவும். பாடநூல் செய்திருக்க வேண்டியது, இதை வெளிப்படையாகச் சொல்வது. யூனிகோடைத் தமிழ்நாடு அரசே 2010இல் தரமாக அறிவித்துவிட்டது. இந்த மென்பொருளில் அடித்ததை அப்படியே எடுத்து இணையத்தில் ஒட்டினால் ஏன் புரியாத எழுத்தாக வருகிறது என்று ஒரு பத்தி எழுதியிருந்தால், அந்தப் பாடம் காலாவதியாகாத பாடமாகியிருக்கும்.

கடைசியாக ஒரு சோதனை. தொடக்கநிலைக் கையேடு எதையாவது எழுதுகிறவர்கள் இந்த ஒரு நிகழ்வை விளக்கிக் காட்டட்டும், நான் கையேட்டை வாங்கிக்கொள்கிறேன். சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு மளிகைக் கடைக்காரர் கல்லாவிலிருந்து 5,000 ரூபாயை எடுத்துப்போய்த் தன் வங்கிக் கணக்கில் கட்டுகிறார். சிட்டையில் அவர் எழுதுவது, "பேங்க்ல கட்டினது 5,000". பாடநூல்படி வங்கிக் கணக்கில் பற்று, ரொக்கக் கணக்கில் வரவு. டேலியில் இது பேமென்ட்டும் இல்லை, ரெசிப்டும் இல்லை. எஃப்4, கான்ட்ரா, பாடநூல் மொழியில் எதிர்ப்பதிவு. பணம் கடையை விட்டு வெளியே போகவில்லை, ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறியிருக்கிறது, அதனால்தான் தனிப் பொத்தான். இதற்குள் அவர் போனில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்துவிடுகிறது, உங்கள் கணக்கில் 5,000 வரவு வைக்கப்பட்டது என்று.

என் நோட்டில் பற்று என்று எழுதியதை பேங்க் வரவு என்கிறதே, யார் தப்பு? யாரும் இல்லை. அவர் நோட்டில் வங்கிக்கு ஒரு பக்கம் இருக்கிறது, வங்கி பணத்தை வாங்கிக்கொண்டது, வங்கி பேரில் பற்று. வங்கியின் நோட்டில் இவருக்கு ஒரு பக்கம் இருக்கிறது, இவரிடமிருந்து பணம் வந்தது, இவர் பேரில் வரவு. அரிசி வாங்குகிற வாத்தியாருக்கு இவர் எப்படி எழுதுகிறாரோ, அப்படியேதான் வங்கி இவருக்கு எழுதியிருக்கிறது.